காப்பர் போட்ட தண்ணீரிலும் மீன் சாகும்: கடல்மீன் குவாரன்டைனில் நான் பட்ட பாடு

புதுமீன் எதுவானாலும் முதலில் குவாரன்டைன் தொட்டியில், அதாவது தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டியில் வை என்று கடல்மீன் வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள்ளேயே மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தால் எதை முதலில் பார்ப்பது, எந்த மருந்தை எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரே சமயத்தில் வாங்கிய மீன்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. பிழைத்தவை பெரிய தொட்டிக்குப் போக மாதக்கணக்கில் ஆனது. மீனுக்குக் கொடுத்ததைவிட மருந்துக்கும் உப்புக்கும் சோதனைக் கருவிக்கும் செலவான பணம் அதிகம். பணத்தைக்கூட விடுங்கள். ஒரு உயிர் கண்ணெதிரே மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்போது, கையில் நாலு மருந்துப் பாட்டில் இருந்தும் எதைத் திறப்பது என்று தெரியாமல் நிற்கிற அந்த நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கியது கடலில் பிடித்த இரண்டு கோமாளி மீன்கள், ஒரு பவுடர் ப்ளூ டேங், ஒரு ஃப்ளேம் ஏஞ்சல், பச்சைநீலக் குரோமிஸ் ஒரு சிறு கூட்டம். விற்றவர் சொன்னது இது: “எங்க தண்ணியில எப்பவும் காப்பர் ஓடிக்கிட்டே இருக்கும், நோய் வர வாய்ப்பே இல்ல.” காப்பர் என்றால் ஒட்டுண்ணியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் செம்பு மருந்து. இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் இரண்டு ஆபத்து ஒளிந்திருக்கிறது. விற்பனைத் தொட்டிகளில் ஓடுகிற காப்பர் பல நேரம் நோயைக் கொல்லும் அளவுக்குக் கீழேதான் இருக்கும். அது வெள்ளைப்புள்ளி நோயையும் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோயையும் அமுக்கி வைக்கும், ஒழிக்காது. காப்பர் இல்லாத தண்ணீருக்கு மீன் வந்ததும் அமுங்கிக் கிடந்தது எழுந்துகொள்ளும். இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரிது. காப்பருக்குக் கட்டுப்படாத நோய்களின் வரிசை நீளமானது. ப்ரூக்ளினெல்லா, யூரோனெமா என்ற இரண்டு நுண்ணுயிர் ஒட்டுண்ணிகள், செவுளிலும் தோலிலும் ஒட்டும் தட்டைப்புழு, இந்த மூன்றையும் காப்பரை நம்பிச் சமாளிக்க முடியாது. என் தொட்டியில் முதலில் வந்தது இந்த மூன்றும்தான்.

மீன் பை வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுநேரம் பயணித்த பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும். ஆனால் மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு தேங்கி, தண்ணீரின் பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் அந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்த கையோடு வாயு வெளியேறி பிஹெச் ஏறும். அதே அம்மோனியா நஞ்சாக மாறும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது இதனால்தான் கெடுதல். விற்பவரின் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு, குவாரன்டைன் தொட்டியையும் அதே அளவில் வைத்துக்கொண்டால், வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். உப்பை அதன்பின் சில நாட்களில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். பைத் தண்ணீர் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது.

முதலில் விழுந்தவை கோமாளி மீன்கள். வந்த அன்று மாலையே தீனியைத் தொடவில்லை. மேற்பரப்புக்கு அருகில் தலையை உயர்த்தியபடி நின்று, செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தன. பயணக் களைப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறுநாள் விடிந்து பார்த்தபோது உடம்பின் ஆரஞ்சு நிறம் மங்கி, மேலே பால் ஊற்றிய மாதிரி கோழை படர்ந்திருந்தது. சின்ன மீனின் வால் பக்கத்தில் தோல் இழைஇழையாகப் பிரிந்து தண்ணீரில் ஆடியது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது மைக்ராஸ்கோப். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண ரகம், நூறு மடங்கு பெரிதாக்கினால் போதும். மீனை ஈரக்கையால் தண்ணீர் மட்டத்திலேயே பிடித்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியின் விளிம்பால் பக்கத்துடுப்புக்குப் பின்னாலிருந்து வால் நோக்கி ஒரே ஒரு இழுப்பு, மிக மெதுவாக. விளிம்பில் ஒட்டிய கோழையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, அதே தொட்டியின் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மூடி, உடனே பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் விட்டால் பார்க்க வேண்டிய உயிர்கள் வெடித்துப் போய்விடும். நான் பார்த்தது சிறுநீரக வடிவில், ஓரமெல்லாம் மயிரிழைகளோடு, கோழைத் துணுக்குகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி நகர்ந்துகொண்டிருந்த உயிர்கள். ப்ரூக்ளினெல்லா ஹாஸ்டிலிஸ். கோமாளி மீன் நோய் என்று ஒரு பெயர் வாங்கும் அளவுக்கு இந்த மீனைத் தேடிப் பிடிக்கும் ஒட்டுண்ணி. ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும்.

மற்றவை எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கண்ணாடிச் சில்லின் முன் உட்கார்ந்திருக்கும்போது தேட நேரம் இருக்காது. வெள்ளைப்புள்ளி நோயின் கிரிப்டோகேரியான் பெரியது, கறுத்து உருண்டையாக, மெல்ல உருண்டுகொண்டே இருக்கும். வெல்வெட்டின் அமிலூடினியம் பழுப்பு நிறத்தில் உருண்டையாகவோ பேரிக்காய் வடிவிலோ அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். யூரோனெமா சிறியது, அதுவும் பேரிக்காய் வடிவம்தான், ஆனால் கண் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடும். செத்த மீனைப் பார்ப்பதானால் செத்த உடனே பார்க்க வேண்டும். உயிர் போனதும் ஒட்டுண்ணிகள் உடலை விட்டுக் கிளம்பிவிடும். காலையில் செத்துக் கிடந்ததை மாலையில் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டினால் அந்த முடிவுக்கு மதிப்பே இல்லை.

ப்ரூக்ளினெல்லாவுக்கு நான் எடுத்தது ஃபார்மலின் குளியல். 37 சதவீத ஃபார்மலின், லிட்டருக்குச் சுமார் 0.15 மில்லி, தனிப் பாத்திரத்தில், முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஃபார்மலின் தண்ணீரின் ஆக்ஸிஜனைக் குறைக்கும். மீனோ ஏற்கெனவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது. எனவே ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும், நீங்கள் அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது. மீன் கவிழ்ந்தால் அந்த நொடியே வெளியே எடுக்க வேண்டும். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள். கையுறை போட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் செய்யுங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவு தெரிந்தால் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள், அது மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சு. குளித்த மீன் பழைய தொட்டிக்குத் திரும்பக்கூடாது. அங்கே ஒட்டுண்ணி காத்துக்கொண்டிருக்கும். சுத்தமான வேறு தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

ஃபார்மலின் என் கைக்கு வந்து சேர்வதற்குள் சின்ன கோமாளி போய்விட்டது. பெரியது குளியலைத் தாங்கியது, சில நாள் இடைவெளியில் மறுபடியும் தாங்கியது. அது முதல் முறையாக ஒரு மைசிஸ் இறாலைக் கவ்வியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து கடையில் கிடைக்கும்தானே, தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு கடல்மீனிடம் செல்லாது. இந்த நோய்களின் வேகம் அப்படி.

குரோமிஸ் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. பக்கவாட்டில் செதில்களுக்கு அடியில் சிவப்பாகக் கன்றியது, புண்ணானது, ஒவ்வொன்றாகப் போயின. யூரோனெமா. மற்ற ஒட்டுண்ணிகளைப் போல இதற்கு மீன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, அடியில் கிடக்கும் கழிவையும் பாக்டீரியாவையும் தின்றே வாழும். தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிட்டால் குளியல் மருந்து எட்டாது. ஒன்றை மட்டும் சொல்வேன்: குரோமிஸ், ஆந்தியஸ் இரண்டையும் மற்ற மீன்களோடு சேர்த்து குவாரன்டைன் செய்யாதீர்கள். வாங்கும்போதே பக்கவாட்டில் ஒரு செந்நிறத் தடம் தெரிந்தால் அந்தத் தொட்டி மீன் எதையுமே எடுக்காதீர்கள்.

அடுத்து டேங். அது பிவிசி குழாயில் உடம்பைத் தேய்த்தது, தலையை உதறியது, ஒரு கண் மங்கியது, பிறகு இன்னொரு கண்ணும். ஒரு கண் மட்டும் மங்கினால் எங்கேயாவது இடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் மங்கினால் தட்டைப்புழுவையும் தண்ணீரின் தரத்தையும் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மைக்ராஸ்கோப்கூட வேண்டாம், உப்பில்லாத தண்ணீர்க் குளியலே காட்டிக்கொடுத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா கொஞ்சம் சேர்த்து பிஹெச்சைத் தொட்டியின் அளவுக்கு ஏற்றி, நன்றாகக் காற்று ஓட்டி, கறுப்பு நிற வாளியில் ஊற்றினேன். கறுப்பு எதற்கு என்றால், உடம்போடு உடம்பாகக் கண்ணாடி போலத் தெரியாமல் கிடக்கும் புழு, உப்பில்லாத தண்ணீர் பட்டதும் வெளுத்து உதிரும். மூன்றாவது நிமிடத்தில் வாளியின் அடியில் எள்ளளவு வெள்ளைத் தகடுகள் விழ ஆரம்பித்தன. நியோபெனெடெனியா வகைப் புழு இப்படித்தான் உதிரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் வைக்கவில்லை. குளியலுக்குள் போனதும் மீன் கொஞ்ச நேரம் சாய்ந்து படுக்கும், பயந்துவிடாதீர்கள். சாய்ந்தது செவுளை அடிப்பதையே நிறுத்திவிட்டால்தான் உடனே எடுக்க வேண்டும்.

குளியல் நோயைக் காட்டிக் கொடுக்கும், கொஞ்சம் ஆறுதல் தரும், முழுதாகத் தீர்க்காது. தீர்ப்பது பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து. லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், தொட்டித் தண்ணீரிலேயே. இது முட்டையைத் தொடாது. முட்டை பொரிந்து வரும் குஞ்சுகள் மீண்டும் முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள் இரண்டாவது தவணை போட வேண்டும், அதாவது ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள். முதல் தவணையிலேயே மீன் தெளிந்துவிடும். அதை நம்பி இரண்டாவதை விட்டால் மொத்தமும் திரும்ப வரும். மருந்து போட்ட மறுநாள் தண்ணீர் லேசாகக் கலங்கினால் பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜனைக் குடிக்கிறது என்று பொருள். மேற்பரப்பு நன்றாகக் கலைகிற மாதிரி காற்று ஓட்டுங்கள்.

இதெல்லாம் முடிந்து, மூச்சுவிட நேரம் கிடைத்தது என்று நான் இருந்தபோது டேங்கின் துடுப்பில் உப்புக்கல் போல வெள்ளைப்புள்ளிகள். பவுடர் ப்ளூ டேங்குக்கு வெள்ளைப்புள்ளி நோய் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விற்பனைத் தொட்டியில் அமுங்கிக் கிடந்தது எழுந்துகொண்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து நாள் எண்ண வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளவே கஷ்டமாக இருந்தது.

புள்ளிகள் இரண்டு மூன்று நாளில் தாமாகவே மறைந்தன. இந்த மறைவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒட்டுண்ணி மீன் மேல் மூன்றிலிருந்து ஏழு நாள்தான் இருக்கும். வயிறு நிறைந்ததும் இறங்கி, அடியில் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகும். கூடு சில நாளிலும் உடையலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம். 72 நாள் வரை போனதாக ஆய்வில் பதிவு உண்டு. நோய் புகுந்த பெரிய தொட்டியை மீனில்லாமல் 76 நாள் காலியாக வை என்று சொல்வது இதை வைத்துத்தான். காப்பரோ மீன் மேலுள்ள ஒட்டுண்ணியையும் கொல்லாது, கூட்டுக்குள் இருப்பதையும் கொல்லாது. கூட்டிலிருந்து வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் கொல்லும். ஆகவே அளவு ஒரு நாளும் குறையாமல் 30 நாள் நிற்க வேண்டும், அல்லது 14 நாள் நின்றபின் மீனை முற்றிலும் சுத்தமான தொட்டிக்கு மாற்ற வேண்டும். நடுவில் அளவு இறங்கினால் கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி.

எவ்வளவு காப்பர் என்பதில் உயிர் போகிற குழப்பம் ஒன்று இருக்கிறது. கீலேட்டட் காப்பர், அதாவது வேறொரு பொருளோடு பிணைத்த காப்பர் என்றால் 2.0 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). அப்படிப் பிணைக்காத அயனி வடிவக் காப்பர் என்றால் அதைவிட மிகக் குறைவு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் ஒன்று மீன் சாகும், அல்லது நோய் சாகாது. பாட்டிலில் இருப்பது எந்த வகை என்று படித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றாமல் நாலைந்து நாளில் மெல்ல ஏற்றினால் மீன் தீனியை விடாது. நிறம் பார்க்கும் சொட்டுச் சோதனையில் இரண்டுக்கும் இரண்டரைக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. கொஞ்சம் விலை அதிகமானாலும் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். நான் செய்த செலவிலேயே ஒவ்வொரு காசுக்கும் பயன் தந்தது அதுதான். தொட்டியில் பவளக் கல், பவள மணல் எதுவும் இருக்கக்கூடாது, காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். ஃபில்டரில் போடும் கார்பனும் வேண்டாம்.

காப்பர் முழு அளவுக்கு வந்தபின் ஒரு நாள் ஏஞ்சலும் டேங்கும் சேர்ந்தாற்போல் வேகமாக மூச்சு வாங்கின. நிமிடத்துக்கு 80 செவுள் அடிக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. அன்று 120ஐத் தாண்டியது. மனம் நேராக வெல்வெட்டுக்குத்தான் ஓடியது. வெல்வெட் முதலில் செவுளைத்தான் தாக்கும். உடம்பில் தங்கப்பொடி தெரிவதற்கு முன்பே மீன் போய்விடலாம். ஆனால் வெல்வெட் பிடித்த மீன் பம்ப் தள்ளும் நீரோட்டத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். இரண்டும் இங்கே இல்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன், தோல் சுத்தமாக இருந்தது. எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் தண்ணீரைச் சோதி என்பது அன்று எனக்குப் பாடமானது. அம்மோனியா ஏறியிருந்தது. மருந்துகளுக்கு நடுவே, அம்மோனியாவைத் தின்னும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் பாக்டீரியா நொடிந்து போயிருந்தது.

இங்கே கை தானாகவே அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைத் தேடும். காப்பர் இருக்கும் தொட்டியில் அதை ஊற்றவே கூடாது. அந்தத் திரவங்களில் பல, காப்பரின் வடிவத்தை மாற்றி மீனுக்கு இன்னும் நஞ்சாக்கிவிடும். ஒரே வழி தண்ணீர் மாற்றுவது. மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பரை முன்கூட்டியே கலந்து, டிஜிட்டல் கருவியில் எண் பார்த்தபின் ஊற்ற வேண்டும். அப்போதுதான் நாள் கணக்கு உடையாது. பாதித் தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் மூச்சு இறங்கியது. பெரிய தொட்டியின் சம்ப்பில், அதாவது அதன் கீழே ஃபில்டர் இருக்கும் துணைத் தொட்டியில் எப்போதும் இரண்டு மூன்று ஸ்பாஞ்சுகளை ஊறப்போட்டு வைத்திருப்பது இந்த மாதிரி நாளுக்குத்தான். ஆனால் ஒன்று, குவாரன்டைனுக்குப் போன ஸ்பாஞ்ச் திரும்ப சம்ப்புக்குள் போகக்கூடாது.

ஏஞ்சலின் துடுப்பு ஓரத்தில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு வெள்ளை முடிச்சும் வந்தது. அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். வெள்ளைப்புள்ளி என்றால் தினமும் இடம் மாறும், எண்ணிக்கை மாறும். இது ஒரே இடத்தில் நின்று மெல்ல வளரும். இதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. சுத்தமான தண்ணீரும் வயிறு நிறையத் தீனியும் இருந்தால் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். கையில் மருந்து இருக்கிறது என்பதற்காக ஊற்றாமல் இருப்பதற்கும் மனத்தைப் பழக்க வேண்டியிருக்கிறது.

பிழைத்த மூன்று மீன்களையும் காப்பர் முடிந்தபின் சுத்தமான தொட்டியில் சில வாரம் வெறுமனே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு விட்டேன். இப்போது நான் மீன் வாங்குவதற்கு முன் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பவை: ஃபார்மலின், பிராசிகுவான்டல், கீலேட்டட் காப்பர், அதை அளக்கும் கருவி, அம்மோனியா சோதனை, மைக்ராஸ்கோப், கலந்து வைத்த உப்புத் தண்ணீர் தொட்டி அளவுக்கு, காலியாக ஒரு இரண்டாவது தொட்டி. இதில் ஒன்று குறைந்தாலும் மீன் வாங்கும் நாளைத் தள்ளிப் போடுகிறேன். கோமாளி இனத்தையும் டேங் இனத்தையும் ஒரே குவாரன்டைனில் போடுவதில்லை. குவாரன்டைன் தொட்டியைப் பெரிய தொட்டியிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வைத்திருக்கிறேன். வெல்வெட் காற்றில் தெறிக்கும் நுண்துளி வழியாகவே பக்கத்துத் தொட்டிக்குத் தாவும் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. வலை, குழாய், வாளி எல்லாம் அந்தத் தொட்டிக்குத் தனி. ஒரு சுற்று முடிந்ததும் அவற்றை ப்ளீச்சில் ஊறவைத்து, கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த மீனுக்கு எடுக்கிறேன்.